மௌரீன் அக்கா விட மறுத்த பந்து

மௌரீன் அக்காவைப் பிடிவாதக்காரி என்று சொல்பவர்கள் அவருடைய பிடிவாதத்தில் பாதியைக்கூடப் பார்த்ததில்லை. பெங்களூர் பிரேசர் டவுனில் நாங்கள் அடுத்தடுத்த வீடு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் டிரேவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அம்மா இனி வீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வாள், தனக்கு விதவிதமாகச் சமைத்துப் போடுவாள் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அக்காவோ செல்போனில் பந்து விளையாட ஆரம்பித்தார்.

விளையாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு பந்து. விரலால் தட்டினால் எழும்பும், தட்டாவிட்டால் விழும். மேலே ஒன்றன்மேல் ஒன்றாக வளையங்கள் சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன இடைவெளி. அதன் வழியாகப் பந்து போக வேண்டும். வளையத்தில் பட்டால் செத்தது, மறுபடி முதலிலிருந்து. இவ்வளவுதான். பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அதைக் கண்டுபிடித்தவனுக்கு ஈவிரக்கமே கிடையாது. நானும் ஒருநாள் ஆடிப் பார்த்தேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்ததுதான் மிச்சம்.

அக்காவுக்கு ஐம்பது வளையத்தைத் தாண்டிவிட வேண்டும். நாற்பதைத் தொட்டதும் விரல் தடுமாறிவிடும். "சே!" என்று அவர் கத்துவது என் சமையலறை வரை கேட்கும். உடனே அடுத்த ஆட்டம்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒன்றுகூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அக்கா வீட்டில் நடந்தது. ஈஸ்டர் வரை எதை விடப் போகிறோம் என்று ஒவ்வொருவரும் எல்லார் முன்னாலும் சொல்வது எங்கள் அன்பியத்து வழக்கம். எதிர்வீட்டுப் பிரபா சீரியலை விட்டாள். நான் வழக்கம்போல் டீயை விட்டேன். அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்கே தெரியும். அக்கா வாய் திறப்பதற்குள் அன்பியத் தலைவர் சந்தானம் முந்திக்கொண்டார்.

"மௌரீன்மா இந்த வருஷம் அந்த போன் கேமை விடறாங்க. டிரேவர் சொல்லிட்டான்."

டிரேவர் தரையைப் பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தர் ஒறுத்தலை இன்னொருத்தர் அறிவிப்பதா?

"கறி விடறேன், மீன் விடறேன், காபி விடறேன்," என்றார் அக்கா. "அதை விடமாட்டேன்."

"ஆசைப்படறதைத்தானேம்மா விடணும்?"

"அதுல என்னா சொகத்தைக் கண்டீங்க? தெனம் செத்துச் செத்துப் பொழைக்கறேன். அதுதான் சார் பெரிய தவம்."

பிரபா சிரித்துவிட்டாள். சந்தானத்துக்குக் கோபம் வந்தது. "அப்படி என்னா இருக்கு இதுல?" என்று போனை வாங்கித் தட்டினார். செத்தார். மறுபடி தட்டினார், செத்தார். "இருங்க, இப்ப புடிபட்டுடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை செத்தார். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவழியாகச் சுதாரித்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

"விடலைன்னா பெரிய வெள்ளி வாசகத்தை பிரபா படிக்கட்டும். முன்மாதிரியா இருக்கறவங்கதான் பீடத்துல ஏறணும்."

பெரிய வெள்ளியன்று கோயிலில் பைபிள் வாசிப்பது வருஷா வருஷம் அக்காதான். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும் படித்தவர்கள்; தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அக்கா வாசித்தால் கோயிலில் இருமல் சத்தம்கூடக் கேட்காது. நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் வந்து வாசித்த வருஷங்களும் உண்டு. அவர் பெருமைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒன்றுக்குத்தான்.

"மம்மி, பேஜாரு பண்ணாத," என்று டிரேவர் கெஞ்சினான். "இவ்ளோ கஷ்டப்பட்டு அதை ஏன் ஆடணும்? விட்டுடேன்."

அக்கா கவிழ்ந்து கிடந்த போனை எடுத்துக்கொண்டார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்.

"ஆஸ்பத்திரில என் கை தடுமாறினா இன்னொருத்தர் உசுரு போவும். வீட்டுல தடுமாறினா நீ பட்டினி. ஆயுசு பூரா பயந்து பயந்தே எல்லாத்தையும் சரியா செஞ்சேன்டா. இதுல தப்பு பண்ணா பந்துதான் சாவுது. தட்டினா திரும்ப எழுந்து வருது. யாருக்கும் ஒண்ணும் ஆவாம இப்பதான் தோத்துப் பாக்கறேன். அதைப் போய் விடச் சொல்றியா?"

அக்கா பிரபா பக்கம் திரும்பினார். "நீயே படி கண்ணு. அவசரப்படாம படி." மடியிலிருந்த பைபிளை அவளிடம் நீட்டினார். எனக்கு அழுகையும் வந்தது, சந்தானத்தை நாலு வார்த்தை கேட்கலாம் போலவும் இருந்தது. கேட்கவில்லை.

பெரிய வெள்ளியன்று பிரபா வாசித்தாள். பயத்தில் இரண்டு இடத்தில் தடுக்கினாள். அக்கா கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. வழிபாடு முடிந்து வெளியே வந்ததும் சந்தானம் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார். அவருக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும்.

"அடுத்த வருஷம் நீங்கதான் படிக்கணும் மௌரீன்மா. அந்த கேமை மட்டும் விட்டுடுங்க, போதும்."

"அவளே படிக்கட்டும் சார்," என்றார் அக்கா. "ரெண்டு எடத்துல தடுக்கிட்டா. அதனால யாரு செத்துட்டா?"