பைன் காலத்தில் வெர்டெல் கெய்தர்

2014 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்கு வெர்டெல் கெய்தரை முதன்முதலாகப் பார்த்தேன். ஜார்ஜியாவில், மேக்கன் நகருக்குத் தெற்கே உள்ள எங்கள் சிறிய பாப்டிஸ்ட் தேவாலயத்தின் முற்றத்தில், கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிய பழைய கார் ஒன்றினுள் அவர் அமர்ந்திருந்தார். பைன் மரங்கள் மகரந்தத்தைக் கொட்டும் காலம் அது. விரலால் பெயர் எழுதலாம் என்னும் அளவுக்குக் காரின் மேல் மஞ்சள் தூள் படிந்திருந்தது. நான் சபையின் பொருளாளன். பியானோ வாசிக்க வந்தவரை வரவேற்பது என் பொறுப்பு. கண்ணாடியைத் தட்டினேன். அவர் இறக்கவில்லை. முகமூடிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“கோயில் கதவைத் திறந்து பிடிச்சுக்குங்க, பிரதர். நான் மூச்சை அடக்கிக்கிட்டு உள்ள வந்துடறேன்.”

பாடகர் குழுவை நடத்தும் ஓசெல்லா சிம்ஸ், எவரையும் கேலி செய்யாமல் விடாதவர், வாசலில் நின்றுகொண்டிருந்தார். “யாரு இவ, பேங்கைக் கொள்ளையடிக்க வந்தவ மாதிரி மூஞ்சியக் கட்டிக்கிட்டு?” என்றார். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் அவரே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மகரந்தம் என்று காரணம் சொல்லிக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் அன்றைய சம்பளத்தை உறையில் இட்டு நீட்டினேன். வெர்டெல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அவருடைய தந்தை காகித ஆலைக்குப் பைன் கட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டியவர். சோறு போட்ட மரமே மகளின் மூச்சையும் முடக்கியது; குழந்தைப் பருவத்திலேயே அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. கல்விக் கடன் வாங்கி, முப்பது வயதுக்கு மேல் இசை பயின்று, பள்ளி ஆசிரியையானார். சில ஆண்டுகளில் ஒரு நிமோனியா நுரையீரலில் தழும்புகளை விட்டுச் சென்றது. ஒரு மாடிப்படி ஏற முடியாத நிலையில், இனி இவரால் வேலை செய்ய இயலாது என்று மருத்துவர் சான்று எழுதினார். 2013 ஏப்ரலில் அரசு அவருடைய நாற்பதாயிரம் டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மூன்று ஆண்டுகள் கண்காணிப்பு. ஆண்டுதோறும் வருமானத்தைப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வரம்பை மீறினாலும், படிவம் போய்ச் சேராவிட்டாலும், முழுக் கடனும் உயிர் பெற்றுவிடும்.

நாங்கள் தரும் சம்பளம் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது என்று நான் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

“உங்க கணக்கு சரிதான், பிரதர் பிக்கெட். ஆனா அங்க உக்காந்து பாக்கறவன் உங்கள மாதிரியே பாக்கணுமே? எங்கூடப் படிச்சவளுக்கு ஃபாரம் லேட்டாப் போச்சுன்னு மொத்தக் கடனும் திரும்பி வந்து வாசல்ல நின்னுச்சு. நீங்க எழுதி வச்சுக்குங்க. மூணு வருஷம் முடியட்டும், நானே வந்து கேக்கறேன்.”

ஞாயிறு நிகழ்ச்சித் தாளில் தம் பெயரை அச்சிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டார். ஆகவே அதில் ‘பியானோ’ என்று மட்டும் இருக்கும்.

பிற்பாடு அவர் வீட்டுக்குப் போனபோது, அந்த அச்சத்தின் அளவு எனக்குப் புரிந்தது. வசந்தத்தில் வரும் கடித உறைகளை அவர் ஈரத்துணியால் துடைத்த பிறகே பிரிப்பார். உறையின் மேலே ஒரு பயம், உள்ளே ஒரு பயம். குளிர்காலத்தில் மூச்சு எளிதாக வரும் நாள்களிலோ, கடையில் வாங்கிய பைகளைக் காரிலேயே விட்டு வைத்து, இருட்டிய பின் எடுத்து வருவார்.

“முடியாத நாள்ல பயமில்ல. நல்லா இருக்கற நாள்லதான் எவனாவது பாத்துடுவானோன்னு இருக்கு.”

2016-இல் உயிர்த்தெழுந்த ஞாயிறு மார்ச் 27 அன்று வந்தது. கண்காணிப்பு முடிய ஏறத்தாழ ஒரு மாதமே இருந்தது. அவ்வாண்டு மகரந்தம் தேவாலயத்தின் இருக்கைகள் வரை வந்துவிட்டது. தனிப்பாடல் பாட எழுந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டி, முதல் சொல்லிலேயே குரல் உடைந்தது. சபை திகைத்தது. பியானோவிலிருந்து வெர்டெல் அந்த வரியை எடுத்தார். பழக்கம் அவரை அறியாமல் எழுப்பி நிறுத்தியது, நின்றபடியே பாடினார். அப்படியொரு குரல் அந்த உடம்பில் இருந்தது எங்களில் எவருக்கும் தெரியாது. சரணத்தின் முடிவில்தான், ஓசெல்லா கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுப்பதை அவர் கண்டார்.

பாட்டு முடிந்ததும் வெளியேறியவரை, பாடகர்கள் அங்கி மாற்றும் அறையில் நானும் ஓசெல்லாவும் கண்டோம். மூச்சு சீழ்க்கையாய் வெளிவந்தது. கையில் இன்ஹேலர் இருந்தும் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“அத... அழிங்க.”

“முதல்ல மருந்த இழுடி, கண்ணு!”

“அழிங்க... முதல்ல. அவங்க... பாத்துடுவாங்க.”

ஓசெல்லா திரையை விரலால் குத்தினார். “எங்க போச்சு அந்தக் குப்பைத்தொட்டிப் படம்? ஐயோ கர்த்தாவே, டெட்ராய்ட்டுல என் தங்கச்சிக்கு வேற போயிடுச்சே!”

வெர்டெலின் உதடுகள் சாம்பல் நிறமாயின. இன்ஹேலரை நான் அவர் வாயருகே நகர்த்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலையை அசைத்தார். நாற்பதாயிரம் டாலர் ஒரு பக்கம், ஒரு மூச்சு மறுபக்கம். அவர் மூச்சையே இழக்கத் துணிந்துவிட்டார் என்று கண்டேன். கைபேசியைப் பிடுங்கினேன். ஓசெல்லா தம் முகநூல் பக்கத்திலும் அதைப் போட்டிருந்தார். கைபேசியிலும் அங்கும் அழித்து, வெறும் திரையை அவர் கண்முன் பிடித்தேன். அதன் பிறகே மருந்தை இழுத்தார். முதல் இழுப்பு உள்ளே இறங்கவில்லை. இரண்டாவது இறங்கியது.

ஓசெல்லா தரையில் மண்டியிட்டு, சவ அடக்க நிலையத்தின் விளம்பரம் அச்சிட்ட கைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து வெர்டெல் கண்ணைத் திறந்தார்.

“அந்த விசிறியத் திருப்பிப் பிடிங்க, சிஸ்டர். அவங்க போன் நம்பர் எனக்கு இப்ப வேணாம்.”

அன்று மாலையே ஓசெல்லா தங்கையை அழைத்தார். “அத அழிச்சுடு. ஏன்னு கேக்காத. கேட்டா கிறிஸ்துமஸுக்கு வராத.”

ஏப்ரல் கழிந்தது. கண்காணிப்பு முடிந்தது என்று சொல்லும் கடிதம் ஒன்றை வெர்டெல் எதிர்பார்த்தார், வரவில்லை. நான் அருகில் இருக்க, கடன் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். கடன் எதுவும் இல்லை, இனிப் படிவமும் இல்லை என்று ஒரு பெண் கூறினாள். வெர்டெல் என்னைப் பார்த்தார். “வாயால சொல்றா. தாள்ல சொல்லலியே.”

ஜூனில் மொத்தச் சம்பளத்துக்கும் காசோலை எழுதி, உறையில் இட்டு எடுத்துச் சென்றேன். அவர் அதைத் தொடவில்லை. மேசைமேல் பாம்பு கிடப்பதுபோல் நாற்காலியைச் சற்றுத் தள்ளிக்கொண்டார். “இந்த வருஷம் போகட்டும், பிரதர்.” அடுத்த ஆண்டு, “அடுத்த பைன் காலம் தாண்டட்டும்” என்றார். அதற்கடுத்த ஆண்டு நான் எடுத்துச் செல்லவில்லை; அந்த உறையைப் பார்த்தாலே அவருக்கு இழுப்பு வந்தது.

ஞாயிறு தவறாமல் வாசித்தார். மறுபடி பாடவில்லை. 2020 ஜனவரியில், காற்று கழுவிவிட்டதுபோல் இருந்த ஒரு வாரத்தில், உறக்கத்தில் இறந்தார். அடக்க ஆராதனைத் தாளில் அவர் பெயரை முழுமையாக அச்சிட்டோம். அச்சகத்துக்கு அனுப்பும் முன், இது சரிதானா என்று ஓசெல்லா என்னை இருமுறை கேட்டார்.

அந்தச் சம்பளம் எங்களிடமே இருக்கிறது. மூன்று வருஷம் முடிந்ததும் தாமே வந்து கேட்பதாக வெர்டெல் சொல்லியிருந்தார். கேட்கவில்லை.