காய்ச்சல் லீவில் ஒரு துப்பறிதல்

போன வாரம் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கிளம்பினேன்.

ஆள் — கோபி. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவன். அப்பாவுக்குக் கால் முறிவு என்று சொல்லி, வேடந்தாங்கலில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். இந்த மாதம் அவன் வேலை நிரந்தரமாக வேண்டும். டீம் லீடு நான் 'சரி' என்றால் உண்டு. இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எனக்கோ சந்தேகம். மீட்டிங்கில் கேமரா போட மாட்டான். மைக்கைத் திறந்தால் ஒரே கூச்சல்! "என்னப்பா சத்தம்?" என்றால், "பறவைங்க சார்" என்பான்.

வேடந்தாங்கல் என்றதும் பறவையாம்! யாருக்குக் காது குத்துகிறான்? ரிசார்ட் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் போடும் கூச்சல் எனக்குத் தெரியாதா? கால் முறிந்ததாம்... யாருக்கு முறிந்ததோ!

வெள்ளிக்கிழமை காலை, 'காய்ச்சல், இன்று லீவு' என்று டீம் குரூப்பில் ஒரு மெசேஜைத் தட்டிவிட்டு, பறவை பார்க்கலாம் வா என்று மனைவியையும் ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கத்திலிருந்து கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டியதும் உண்மையைக் கக்கிவிட்டேன்.

"வெறும் சத்தத்தை வெச்சே நீச்சல் குளம்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"எல்லாம் அனுபவம்தான்."

"ஓஹோ... போன மாசம் மாமல்லபுரம் ரிசார்ட்ல, குளத்துல காலை விட்டுக்கிட்டே மீட்டிங் பேசினீங்களே, அந்த அனுபவமா?"

நான் காரில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

கோபியின் வீடு ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. கார் கதவைத் திறந்ததும் காதைப் பொத்திக்கொண்டேன். ஏரிக்குள் மரமெல்லாம் கூடு, கூடெல்லாம் குஞ்சு! மீட்டிங்கில் கேட்ட அதே கூச்சல். சே!

வாசலில் கட்டிலில், காலில் மாவுக்கட்டோடு கோபியின் அப்பா. "கோபியோட டீம் லீடு" என்று நான் சொன்னதுதான் தாமதம், அவனுடைய அம்மா பதறிக்கொண்டு வந்தார்.

"அய்ய, நீங்களா சார்? ஜுரம்னு புள்ள சொல்லிச்சே! இப்ப எப்டி கீது? ஒடம்பு முடியாம இம்மாந்தூரம் வரணுமா? குந்துங்க, கஷாயம் வெச்சினு வரேன்."

அந்த முகத்தில் சந்தேகம் என்பது மருந்துக்கும் இல்லை. அடுப்படியில் சுக்கு தட்டும் சத்தம் கேட்டது. உள்ளே கோபி லேப்டாப் முன்னால், லீவில் இருக்கும் என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. மனைவி வேறு என்னையே பார்க்கிறாள்!

அங்கேயே உட்கார்ந்து, கோபியின் வேலையை நிரந்தரமாக்கலாம் என்று ஹெச்.ஆருக்கு மெயில் தட்டினேன். பிறகு கஷாயத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். வேண்டும், எனக்கு நன்றாக வேண்டும்!

யோசித்துப் பாருங்கள்... அடுத்தவன் எந்தத் தில்லுமுல்லைச் செய்வான் என்று நமக்கு எப்படி அவ்வளவு கச்சிதமாகத் தோன்றுகிறது? அந்தப் பாதையில் நாமே போய் வந்திருப்பதால்தானே?

யார் மீதாவது சந்தேகம் வந்தால், முதலில் நம்மையே கொஞ்சம் விசாரித்துவிடுவது நல்லது — பெட்ரோலாவது மிச்சமாகும்.