கொஞ்சம் தள்ளி உட்காருங்க

பெஞ்சில் உட்கார்ந்ததற்காக யாராவது உங்களைத் தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறார்களா? என் கணவரைச் சொன்னார்கள். அதுவும் அவருக்காகக் கேட்டு வாங்கிய பெஞ்சில்!

அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. தினமும் நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அடையாறில் எங்கள் அபார்ட்மென்டைச் சுற்றி ஒரு குட்டித் தோட்டம் உண்டு. கேட்டில் கிளம்பினால் பின்பக்கம் மோட்டார் ரூம் வரை ஒழுங்காக நடப்பார். அங்கே கால் மக்கர் பண்ணும். மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மீதி தூரத்தைத் தொடர்வார். அந்தப் படியோ தரையோடு தரையாக இருக்கிறது. உட்காருவது சுலபம்... எழுந்திருப்பதுதான் பெரும்பாடு.

"தோட்டத்துல ஒரு பெஞ்ச் போடலாமே" என்று அசோசியேஷனில் கேட்டேன். நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? சிமென்ட் பெஞ்ச் என்றார் ஒருவர் — மே மாதம் அதில் தோசையே வார்க்கலாம். இரும்பு என்றார் இன்னொருவர் — கடற்காற்றில் துருப்பிடித்துப் புடவையெல்லாம் கறையாகும். கடைசியில் தேக்கு என்று முடிவானது. முதுகு சாயப் பலகை, எழும்போது ஊன்றிக்கொள்ளக் கைப்பிடி, மூன்று பேர் உட்காரும் நீளம். இடம்? வேப்ப மரத்தடி என்றால் காக்காய் தொல்லை. தரைத்தளத்து ஜன்னலோரம் என்றால் அவர்கள் வீட்டுச் சண்டை நமக்குக் கேட்கும், நம் வம்பு அவர்களுக்குக் கேட்கும்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாம் மாடி தணிகாசலம் சார், "பெஞ்ச் என் செலவு. வசந்தா பேர்ல இருக்கட்டும்" என்றார்.

வசந்தா அவர் மனைவி. போன வருஷம் தவறிவிட்டார். எனக்கு வருத்தத்தோடு கூடவே சிரிப்பும் வந்தது. ஏனென்றால் வசந்தா யாரையும் சும்மா உட்கார விட்டவரே இல்லை. எங்கள் தோட்டம் அவருடைய ராஜ்யம். "சும்மாதானே நிக்கிறீங்க, இந்த பைப்பைப் பிடிங்க" என்று கொரியர்காரரைக்கூடச் செடிக்குத் தண்ணீர் விட வைத்தவர். அவர் பெயரிலா உட்காருகிற பெஞ்ச்?

பெஞ்ச் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வந்தது. சாய்வுப் பலகையின் நட்டநடுவில், வெள்ளை பெயின்ட்டில், 'வசந்தா தணிகாசலம் நினைவாக'.

"எங்க சார் எறக்கறது? சீக்கிரம் சொல்லு, வண்டி ரோட்ல நின்னுகினு கீது" என்றார் வண்டிக்காரர்.

தணிகாசலம் சார் கேட்டுக்கு நேர் எதிரே கை காட்டினார். வருகிறவர், போகிறவர் எல்லோர் கண்ணிலும் அந்தப் பெயர் பட வேண்டுமாம். மோட்டார் ரூம் பக்கம் போடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். செலவு அவருடையது, துக்கமும் அவருடையது... வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை என் கணவர் நடக்கக் கிளம்புமுன் மரியாதைக்கு அதில் சற்று உட்கார்ந்தார். தணிகாசலம் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி உட்காருங்க. வசந்தா மறையுறா."

இவர் பதறிப்போய் எழுந்தே விட்டார். விஷயம் எல்லா மாடிக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் யார் உட்காருவார்கள்? எல்லோரும் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யாரோ ஒரு முழம் மல்லிகை வேறு சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். வாட்ச்மேன் முருகேசன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதைத் துடைத்தார்.

"இன்னா மேடம், பெஞ்சு கேட்டா கோயிலு கட்டிகிறாங்க" என்றார் என்னிடம், ரகசியமாக.

எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. இவர் பழையபடி மோட்டார் ரூம் படிக்கே போய்விட்டார்.

போன வாரம் ஒரு காலை, அந்தப் படியில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. பால்கனியிலிருந்து அதைப் பார்த்தது தணிகாசலம் சார். வேகமாக இறங்கி வந்து கை கொடுத்திருக்கிறார். ஒரு எழுபது இன்னொரு எழுபதைத் தூக்க முடியுமா? முருகேசன் வந்துதான் இவரைத் தூக்கி நிறுத்தினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது இரண்டு பேருமே சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தணிகாசலம் சார் படியைப் பார்த்தார். பக்கத்தில் வசந்தா வைத்த கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தார்.

"அவ இருந்திருந்தா என்னைக் கிழிச்சிருப்பா" என்றார். பிறகு, "முருகேசா, அந்த பெஞ்சை இங்க கொண்டா."

இப்போது பெஞ்ச் மோட்டார் ரூம் பக்கத்தில், கறிவேப்பிலை நிழலில் இருக்கிறது. கேட்டிலிருந்து பார்த்தால் பெயர் தெரியாது. காலையில் ஒரு ஓரத்தில் என் கணவர், இன்னொரு ஓரத்தில் தணிகாசலம் சார். நடுவில் வசந்தா, மறையாமல்.

பெஞ்ச் போடுவதற்கு வெயில் பார்க்கிறோம், நிழல் பார்க்கிறோம், காக்காய் பார்க்கிறோம்... யாருக்கு எந்த இடத்தில் கால் வலிக்கிறது என்று முதலில் பார்த்திருக்கலாம், இல்லையா?

"வாங்க, நீங்களும் உட்காருங்க" என்று இரண்டு பேரும் கூப்பிடுகிறார்கள். நடுவில் இடம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்த பிறகு எப்படிச் சும்மா உட்காருவது?

பைப்பைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டேதான் பேசுகிறேன்.