பின்சீட்டில் தூங்கும் குழந்தை

என் மகளுக்கு வியர்க்காது. பிறவியிலேயே அப்படி. வெயிலில் சற்று நேரம் நின்றால் உடம்பு அடுப்பிலேற்றிய சட்டி போலக் கொதிக்கும். உள்ளே இருக்கும் சூடு வெளியே வர வழியில்லை, அவ்வளவுதான். ஈரத் துணியைப் போர்த்தி, மின்விசிறிக்குக் கீழே கிடத்தி, சூடு இறங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பினாங்கில் இதைச் சமாளித்தோம். அங்கே தினமும் பிற்பகலில் மழை வந்துவிடும். என் கணவர் வேலை பார்த்த கப்பல் கம்பெனி அவரை மதராசுக்கு மாற்றியபோது அவளுக்கு ஐந்து வயது. எழுபதுகளின் தொடக்கம். அடையாறில் வீடு கிடைத்தது. "சொந்த ஊருக்கே போகிறாய்" என்று பினாங்கில் எல்லாரும் வாழ்த்தி அனுப்பினார்கள். எனக்கு அது வெளிநாடு. நான் அதற்குமுன் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். காரைக் 'காடி' என்று சொன்னால் குதிரை வண்டியா என்று கேட்டார்கள். தமிழ் பேசுகிற ஊரில் தமிழ் பேசிக்கொண்டே அந்நியமாக இருப்பது எப்படி என்பதை அந்த முதல் சித்திரையில் தெரிந்துகொண்டேன்.

ஏசி வைத்த கார் அப்போது மதராசில் அபூர்வம். சினிமாக்காரர்களிடமும் தூதரகங்களிலும் இருக்கும். ஊரைவிட்டுப் போகிற ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விற்கிறது என்று ஒரு தரகர் மூலமாகத் தெரிந்து, என் கணவர் அதை வாங்கினார். பெரிய கார், வெளிறிய பச்சை நிறம். டாஷ்போர்டுக்குக் கீழே தனியாகப் பொருத்திய ஒரு பெட்டியிலிருந்து குளிர்காற்று வரும். விற்றவர்களை நாங்கள் பார்க்கவில்லை. உள்ளே குழந்தைகளுக்குப் போடும் பவுடரின் வாசனை இருந்தது. ஏசியைப் போட்டால் அந்த வாசனை அதிகமாகும். நல்ல குடும்பம் வைத்திருந்த வண்டி என்று நினைத்துக்கொண்டேன்.

நானேதான் ஓட்டுவேன். மகள் பின்சீட்டில் படுத்துக்கொள்வாள். அதில் ஏறிய சற்று நேரத்தில் தூங்கிவிடுவாள். இறங்கும்போது கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்றிருக்கும். "குழந்தைக்கு மதராஸ் ஒத்துக்கிச்சே, என்ன நிறம் வந்துடுச்சு" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் போல ஆனதும் குளிர் குறைந்தது. மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் விட்டோம். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். குளிர் மட்டும் வரவில்லை. கார் ஏசி தெரிந்தவர்கள் ஊரில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். யாரை நம்புவது என்று சொல்ல எங்களுக்கு அங்கே சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. கடைசியில் தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் பின்கட்டில் ஃபிரிஜ் பழுது பார்க்கிறவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடை அவருடைய அண்ணனுடையது.

காரை நிறுத்தியதுமே அவர் வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, காரைத்தான் பார்த்தார். கிட்டே வந்து, சத்தம் காட்டாமல் நடந்து, பின்பக்கக் கண்ணாடியில் கையைக் குடைபோல வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். சட்டென்று பின்வாங்கினார்.

"இந்தத் தடவ நெசமாவே பிள்ள இருக்கே," என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி. நீங்க புதுசா வாங்கியிருக்கியளோ?"

"ஆமா."

அவர் போய் பானெட்டைத் திறந்தார். ஏசியில் கேஸ் குறைந்திருக்கிறது என்று நிரப்பிக் கொடுத்தார். வேலை முடியும்வரை கடையில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. உள்ளே தூங்கும் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்று அவர்களுக்கு ஏற்கெனவே யாரோ சொல்லிவைத்திருந்ததுபோல.

குளிர் பழையபடி வந்தது. அதோடு ஒரு சத்தமும் வந்தது. முதலில் காற்றுப் பெட்டியின் இரைச்சல் என்றுதான் நினைத்தேன். ஓடும்போது கேட்காது, வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டிருக்கும்போது மட்டும் கேட்கும். வாயை மூடிக்கொண்டு ஒரு பெண் மெல்லப் பாடுவதுபோல. ஏறும், இறங்கும், மூச்சு வாங்க நிற்கும், மறுபடி தொடங்கும். குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கும்போது பாடுகிற மாதிரி. எனக்குத் தெரிந்த தாலாட்டு எதுவுமில்லை அது. பயமாக இல்லை என்பதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. கேட்கக் கேட்க உடம்பு லேசாகிவிடும். கொஞ்சம் தலை வலிக்கும்; அதுகூட யாருடைய தலையோ வலிப்பதுபோலத் தூரத்தில் இருக்கும்.

ஒருநாள் பிற்பகல், மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினோம். என் கணவர் மருந்துக் கடைக்குப் போனார். மகள் பின்னால் தூங்கினாள். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஏசியை ஓடவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே குளக்கரையில் ஒருத்தி பூக்கூடையோடு நடந்துபோனாள். உள்ளே பாட்டு தொடங்கியது. அன்று அது பெட்டியிலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னாலிருந்து, என் மகள் படுத்திருந்த பக்கமிருந்து வந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். திரும்ப முடியவில்லை. முடியவில்லை என்பதுகூடச் சரியில்லை. திரும்பினால் பாடுகிறவர் நிறுத்திவிடுவார், குழந்தை எழுந்துவிடும் என்று தோன்றியது. அதனால் அசையாமல் இருந்தேன்.

அப்புறம் என் கணவரின் முகம் கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது. வாய் அசைந்தது. கையால் கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தார். சத்தமே கேட்கவில்லை. அவரைச் சுற்றி நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். எப்படியோ கையைத் தூக்கிக் கதவைத் திறந்தேன். சூடான காற்று முகத்தில் அறைந்ததும் நடைபாதையில் வாந்தி எடுத்தேன். அவர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவள் கண்ணைத் திறக்கவே வெகுநேரம் பிடித்தது.

"எவ்வளவு நேரமா தட்டறேன் தெரியுமா?" என்றார். "நீ என்னையே பாத்துக்கிட்டிருந்தே. பாத்து உதட்டுமேல விரல வச்சு, சத்தம் போடாதீங்கன்னு காட்டினே."

நான் அப்படிச் செய்தது எனக்கு நினைவில்லை.

பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெண் டாக்டரிடம் நடந்தே போனோம். வயதானவர், மயிலாப்பூர்க்காரர். மகளின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "தலவலி எப்போல்லாம் வரது?"

"கார்ல போனா வருது."

"ஆத்துல இருக்கறச்சே?"

"இல்ல."

"குழந்தை கன்னம் செவந்திருக்கே, அதைப் பாத்து சந்தோஷப்பட்டுண்டிருந்தியா?"

நான் தலையாட்டினேன்.

"இஞ்ஜின் புகை உள்ள வரதும்மா. அதுல இருக்கற விஷக் காத்துக்கு வாசனை இருக்காது. ஆளைத் தூங்கப் பண்ணிடும், சமயத்துல இல்லாததெல்லாம் காதுல கேக்கும், கண்ணுல தெரியும். வண்டியைச் சரி பண்ற வரைக்கும் குழந்தையை அதுல ஏத்தாதே. நீயும் ஏறாதே."

பாட்டுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. என் கணவருக்கு அது பெரிய ஆறுதல். எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் கார் இல்லாமல் அந்த வெயிலில் மகளை வெளியே கொண்டுபோக முடியாது, கொண்டுபோகாமலும் முடியாது. தி. நகர்க்காரரிடம் நான் பஸ்ஸில் தனியாகப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த வண்டிய இனிமே நான் தொடல தாயி. கோவிச்சுக்கிடாதிய," என்றார். "சைதாப்பேட்டையில ஆத்தோரமா ஒருத்தர் இருக்காரு. முன்ன வச்சிருந்த அம்மாவுக்கு அவருதான் பாத்தாரு. அவரு பொய் சொல்ல மாட்டாரு."

"அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அவர்ட்டயே கேட்டுக்கிடுங்க."

மறுநாள் காலை, வெயில் ஏறும்முன், எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு மூன்று பேரும் போனோம். மகளை வீட்டில் விட்டுவர ஆள் இல்லை. அடையாற்றின் கரையில் குடிசைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். காரைப் பார்த்ததும் எழுந்து நின்றார், கிட்டே வரவில்லை.

"இது இன்னாத்துக்கு மறுபடி வந்துகீது?" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

நாங்கள் வாங்கியிருக்கிறோம் என்றதும் மெல்ல வந்தார். பின்கதவு திறந்திருந்தது. மகள் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவளையே பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கையை நீட்டி அவளுடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். அவள் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு சிரித்தாள். அதற்கப்புறம்தான் அவர் முகம் இளகியது. உள்ளே திரும்பித் தன் மனைவியைக் கூப்பிட்டு, "பாப்பாவ நெழல்ல உக்கார வெய்யி," என்றார்.

பானெட்டைத் திறந்தார். மனைவியிடம் சாம்பிராணி போடச் சொல்லி, புகைகிற தூபக்காலை இன்ஜின் பக்கத்தில் வைத்தார். என்னை உள்ளே உட்காரச் சொல்லி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டார். "பயப்படாதம்மா, கதவுகிட்டயே நிக்கறேன். கண்ண மட்டும் தொறந்து வச்சுக்க."

சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு என் காலடியில், பெட்டிக்குப் பின்னாலிருந்து, ஒரு வெள்ளை இழை வந்தது. நேராக மேலே எழவில்லை. முன்சீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. பின்பக்கம் காட்டும் சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில், மகள் எப்போதும் தலைவைக்கும் இடத்தில், அது தேங்கித் தேங்கிக் கெட்டியானது. ஒரு முழம் நீளத்துக்கு, சுருண்டு படுத்ததுபோல. அவர் கதவைத் திறந்ததும் கலைந்துபோனது.

"பாத்தியா? ஏசி குழாய் உள்ள வர்ற எடத்துல பெரிய ஓட்டை. சைலன்சர் குழாயும் மேல்பக்கம் வெடிச்சிருக்குது. ரெண்டும் சேந்து புகைய உள்ள இழுக்குது."

"இத முன்னாடியே ஏன் அடைக்கல?" என்று என் கணவர் கேட்டார்.

மெக்கானிக் தரையில் குந்தி உட்கார்ந்தார். "அடைக்கறேன்னுதான் சார் சொன்னேன். ரெண்டு வாட்டி சொன்னேன். அந்தம்மா உடல. அவங்க கொயந்த சீமையிலயே செத்துப் போச்சாம், இங்க வர்றதுக்கு முன்னாடியே. டிரைவர்தான் சொன்னான். இங்க வந்தப்புறம் டெய்லி இந்த வண்டியில ஏசியப் போட்டுக்கினு குந்திக்கினு இருப்பாங்களாம். எங்க போனாலும், மெதுவா பேசு, கொயந்த தூங்குதுன்னு விரல வாய்ல வச்சுக் காட்டுவாங்க. ஓட்டைய அடைச்சா கொயந்த மூச்சு உடற சத்தம் கேக்காதுன்னு டிரைவர்கிட்ட சொல்லி அனுப்பிச்சாங்க. கேஸ் மட்டும் போட்டுக் குடுத்தேன். அப்புறம் அதுவும் மனசு கேக்கல. வராதீங்கன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் தி. நகர் கடைக்குப் போய் போட்டுக்கினாங்களாம்."

"இப்ப அவங்க?"

"ஊருக்குப் போய்ட்டாங்கம்மா. உசுரோடதான் போனாங்க."

அவர் வேலையைத் தொடங்கினார். ஓட்டையில் ரப்பரை வைத்து அடைத்து, தகடு வெட்டி மேலே அறைந்து, வெடித்த குழாயை வெல்டிங் செய்யத் தெரிந்தவரிடம் எடுத்துப்போய்ப் பற்றவைத்துக் கொண்டுவந்தார். மகளை அவர் மனைவி ஈரப் புடவையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாள். நான் கொட்டகை வாசலில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்ன விளக்கத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். புகை, மயக்கம், இல்லாதது கேட்பது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் கேட்டது குழந்தையின் மூச்சு. நான் கேட்டது அந்தக் குழந்தையைத் தூங்க வைக்கிற தாயின் குரல். இது மட்டும் எந்த விளக்கத்திலும் அடங்கவில்லை. இதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை.

மெக்கானிக்கிடம் மட்டும் கேட்டேன். "நீங்க இதுல ஏதாவது சத்தம் கேட்டிருக்கீங்களா?"

அவர் ஸ்பானரைத் துடைத்தார். "நான் கண்ணாடிய எறக்கி உட்டுத்தாம்மா ஓட்டுவேன்," என்றார்.

மாலையில் மறுபடி சாம்பிராணி வைத்துப் பார்த்தார். ஓர் இழைகூட உள்ளே வரவில்லை. மகளை ஏற்றிக்கொண்டு, சைதாப்பேட்டையிலிருந்து நந்தனம் வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தோம். குளிர் நன்றாக இருந்தது. பவுடர் வாசனை இல்லை. மகள் வழியெல்லாம் விழித்திருந்தாள். வழியில் ஒரு மைதானத்தில் பந்தாடுகிறவர்களைப் பார்த்து ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் கன்னம் பழைய மாதிரி வெளுப்பாக இருந்தது.

பினாங்குக்குத் திரும்பும்வரை அந்தக் காரைத்தான் வைத்திருந்தோம். எது கெட்டாலும் சைதாப்பேட்டைக்கே போனோம். மகள் பள்ளிக்கூடம் போனாள், நீந்தக் கற்றுக்கொண்டாள், எங்கள் எல்லாரையும்விட நன்றாக மதராஸ் பாஷை பேசினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் காரில் ஏறினாலும், எவ்வளவு வெயிலானாலும், என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கிவிட்டுத்தான் உட்காருவேன். குளிர் போகிறதே என்று என் கணவர் முனகுவார். போகட்டும் என்பேன்.