டாக்டரம்மா காரின் பின்னால் தொங்கிய சைக்கிள்

1. துணி காயப்போடும் இரும்பு

பாய் ஒரு இரும்பைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"அந்தோணி, இது என்னன்னு சொல்லு."

கோயமுத்தூர் உக்கடத்தில் பாய் பட்டறையில் நான் அப்போது வெல்டர். தொண்ணூற்றாறோ ஏழோ, சரியாக நினைவில்லை. எங்களுக்கு வருவது கேட், கிரில், டிராக்டர் கொக்கி. இந்த இரும்பு அதில் எதுவும் இல்லை. கீழே ரெண்டு இஞ்ச் சதுரக் குழாய். அதிலிருந்து மேலே ஒரு கம்பம். கம்பத்தின் உச்சியில் பின்பக்கமாக நீட்டிய ரெண்டு கை. கைகளின் மேல் சின்னச் சின்ன ரப்பர் தொட்டில்கள். பெயிண்ட் நன்றாக அடித்திருந்தார்கள்.

"துணி காயப்போடறதுங்களா பாய்?"

"நானும் அதையேதான் சொன்னேன். டாக்டரம்மா சிரிச்சுப்போட்டாங்க."

டாக்டரம்மா எங்கள் பக்கத்துத் தெருவில் பிரசவம் பார்ப்பவர். பாயின் மூன்று பிள்ளைகளும் அவர் கையில் பிறந்தவை. அமெரிக்காவில் இருக்கும் அவர் தம்பி இதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பேர் பைக் ரேக். காரின் பின்னால் மாட்டி, அதில் சைக்கிளைத் தொங்கவிட்டுப் போவது. அங்கே காரின் அடியில் சதுரக் குழி இருக்குமாம். அதில் இதைச் செருகி, குறுக்கே பின் போட்டால் முடிந்தது. டாக்டரம்மாவின் அம்பாசிடரில் அந்தக் குழி இல்லை. தம்பிக்கு அது தெரியவில்லை.

"குழி நீ செய்யி" என்றார் பாய்.

சாயங்காலம் டாக்டரம்மா மகளோடு வந்தார். மகள் பேர் தேன்மொழி. பன்னிரண்டாவது படித்தாள். ஆனைமலையில் ஒரு இளைஞர் மன்றம் வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பந்தயம் நடத்தும். சாதா சைக்கிள்தான் ஓட்ட வேண்டும்.

"போன வருசம் கெளம்பற நேரத்துக்கு ஒரு பிரசவக் கேஸ் வந்துருச்சு. போக முடியல" என்றார் டாக்டரம்மா.

"முந்தின வருசம் பஸ் மேல போட்டு ஹேண்டில் வளைஞ்சுது" என்றாள் தேன்மொழி. "இந்த வருசத்தோட பள்ளிக்கூடம் முடியுதுங்கண்ணா. இதுதான் கடைசி."

காரின் கூரைமேல் கட்டலாமே என்றேன். டாக்டரம்மாவால் தலைக்கு மேல் தூக்க முடியாது. டிக்கிமேல் வார் போட்டுக் கட்டினால் பெயிண்ட் போகும். ஆகவே குழிதான்.

2. குழி செய்தது

பம்பரில் பற்றவைக்கக் கூடாது. பம்பர் அழகுக்கு இருப்பது. நான் காரின் அடியில் படுத்து, இந்தப் பக்கச் சேஸிஸிலிருந்து அந்தப் பக்கச் சேஸிஸுக்கு ஒரு சி சேனல் கொடுத்து, பக்கத்துக்கு நாலு போல்ட் போட்டேன். உள்வாய் ரெண்டு இஞ்ச் வரும் சதுரக் குழாய் கடையில் கிடைக்கவில்லை. எல் மாதிரி மடிந்த ரெண்டு ஆங்கிளை முகத்துக்கு முகம் வைத்துப் பற்றவைத்துப் பெட்டியாக்கினேன். சேனலின் நடுவில் அதை வைத்துப் பற்றினேன்.

ரேக் உள்ளே போனது. ஆடியது. நூல் அளவு இடைவெளி இங்கே இருந்தால் மேலே கை அரை அடி ஆடும். பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போட்டு, ஒரு நட்டைப் பற்றவைத்து, போல்ட்டை உள்ளே முறுக்கினேன். ஆட்டம் நின்றது.

அடுத்தது சைக்கிள். லேடீஸ் சைக்கிள். சக்கரம் மட்டும் பெரிய சைக்கிள் சைஸ், இருபத்தெட்டு. லேடீஸ் சைக்கிளுக்கு நடு பார் கிடையாது. ரேக்கின் கைகளில் படுக்க வேண்டியது அந்தப் பார்தான். முக்கால் இஞ்ச் தண்ணிக் குழாயை வெட்டி, சீட்டுக் கம்பியிலிருந்து ஹேண்டில் வரை கிளாம்ப் போட்டுப் பார் ஆக்கினேன். பந்தயத்துக்கு முன்னால் கழட்டிக்கொள்ளலாம்.

ரேக்கோடு வந்த காகிதத்தைத் தேன்மொழி படித்துச் சொன்னாள். ஒரு சைக்கிள் பதினாறு கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். பத்தொன்பது. கேரியரைக் கழட்டினேன். ஸ்டாண்டு, செயின் கவர், கடைசியாகப் பெல். பதினாறு.

சைக்கிளை மாட்டினால் நம்பர் பிளேட் மறைந்தது. அட்டையில் நம்பர் எழுதிச் சைக்கிளில் கட்டினோம். சைக்கிள் தொங்கும்போது டிக்கி திறக்காது. அதைச் சொன்னேன். டாக்டரம்மா சரி என்றார்.

பாய்க்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ரேக்கின் ரெண்டு கையையும் பிடித்துத் தொங்கினார். அவர் எண்பது கிலோ. ரேக் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா உள்ளே வந்தார். தன் காரின் பின்னால் பாய் காலை மடக்கித் தொங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எறங்குங்க பாய். உங்களுக்குப் பிரஷர் இருக்கு" என்றார்.

பாய் இறங்கினார். என்னிடம் சொன்னார்: "நாளைக்கு நீயும் கூடப் போ. வெல்டிங் விட்டுச்சுன்னா அப்பிடியே ஆனைமலையில தங்கிக்கோ. இங்க வராதே."

எல்லாவற்றையும் பார்த்தோம். இஞ்சினை ஸ்டார்ட் செய்து மட்டும் பார்க்கவில்லை.

3. வழியெல்லாம் கத்தினார்கள்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். எட்டு மணிக்குள் பேர் பதிய வேண்டும். டாக்டரம்மா ஓட்டினார். பக்கத்தில் தேன்மொழி. பின் சீட்டில் நான், என் பட்டறைச் சாமான் எதுவும் இல்லாமல். சாமான் டிக்கியில்.

அந்தக் காலத்தில் கோயமுத்தூரில் காருக்குப் பின்னால் சைக்கிளை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது. கார் எவனையோ இடித்துவிட்டது, சைக்கிள் சிக்கிக்கொண்டது, இவர்கள் நிற்காமல் போகிறார்கள்.

முதலில் ஒரு பால்காரர் கையை நீட்டி நிறுத்தினார். "அம்மணி, சைக்கிள் மாட்டீருச்சுங்க. ஆளு எங்கீங்க?"

"மாட்டலைங்க. நாங்கதான் மாட்டுனோம்."

"எதுக்குங்க மாட்டுனீங்க?"

டாக்டரம்மா விளக்கினார். ரெண்டு நிமிஷம் போனது. அடுத்து ஒரு பஸ் டிரைவர். அடுத்து ஒரு டீக்கடையே எழுந்து வந்தது. அதற்குப் பிறகு டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இனி யாரு கத்துனாலும் நிக்கப் போறதில்ல அந்தோணி."

"செரிங்க" என்றேன். அதுதான் நான் செய்த ரெண்டாவது தப்பு.

கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ரயில்வே கேட்டில் நின்றோம். ரயில் போனது. கேட் திறந்தது. கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் பின்னால் ஒருவர் சைக்கிளில் எழுந்து நின்று மிதித்து வந்தார். ஒரு கையை ஆட்டிக் கத்தினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது.

"அவரும் அதேதான் சொல்றாரு" என்றாள் தேன்மொழி.

டாக்டரம்மா வேகத்தைக் கூட்டினார். எதிரே வந்த லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னார். புகை என்ற மாதிரி காதில் விழுந்தது. நின்றால் இன்னும் ரெண்டு நிமிஷம் போகும். நிற்கவில்லை.

கிணத்துக்கடவு தாண்டியதும் டமார் என்று வெடித்தது.

4. ஐந்து டயர்

இறங்கினேன். முன்னால் ரெண்டு டயரும் நன்றாக இருந்தன. பின்னால் ரெண்டும் நன்றாக இருந்தன. தட்டிப் பார்த்தேன். எட்டி உதைத்தும் பார்த்தேன்.

"ஸ்டெப்னி வெடிச்சிருக்குமா?" என்றார் டாக்டரம்மா.

ஸ்டெப்னி டிக்கியில். டிக்கியைத் திறக்கச் சைக்கிளை இறக்க வேண்டும். நான் சைக்கிள் பக்கம் போகாமல் யோசித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் அந்த வெள்ளை வேட்டிக்காரர் வந்து சேர்ந்தார். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

"கார் டயரைத் தட்டறீங்களே. அக்கட்டால சைக்கிளைப் பாருங்க."

பார்த்தேன். சைக்கிளின் முன் சக்கரம் சைலன்சர் வாய்க்கு நேராகத் தொங்கியது. சூடு முழுக்க அதில். டயர் உருகிப் பிளந்து, டியூப் வெடித்து நாக்கு மாதிரி வெளியே தொங்கியது.

அவர் அதற்குள் ரேக்கின் கை நுனியிலிருந்து ஒரு மஞ்சப்பையைக் கழட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எம்பட பையி" என்றார்.

கேட்டில் அவர் சைக்கிளுக்குச் செயின் கழன்றிருக்கிறது. கையில் கிரீஸ். பை அழுக்காகக் கூடாது. எதிரே தோதாக ஒரு கொக்கி. மாட்டினார். செயினைப் போட்டு நிமிர்ந்தால் கார் போய்விட்டது.

"பதினொரு சாதகமுங்க. ஒம்பது மணிக்குப் பொள்ளாச்சியில மாப்பிள்ளை ஊட்டுல குடுக்கோணும். நானு கண்ணாலத் தரகர் ரங்கசாமி. கத்துனது கேக்கலீங்களா?"

"கேட்டுதுங்க" என்றார் டாக்டரம்மா.

"பொறவு?"

டாக்டரம்மா வாட்சைப் பார்த்தார். தேன்மொழி கல்மேல் உட்கார்ந்து சக்கரத்தையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை. மணி ஏழு. அந்த நேரத்தில் சைக்கிள் கடை எதுவும் திறந்திருக்காது.

நான் தரகரின் சைக்கிளைப் பார்த்தேன். இருபத்தெட்டு. முன் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டேன். கோணல் இல்லாமல் ஓடியது.

"ஏனுங்க" என்றேன். "இந்த வீலைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

"வீலைக் குடுத்துட்டு நானு எதுல போறதுங்க?"

"கார்ல வாங்க. பொள்ளாச்சியில எறக்கி உடறோம்" என்றார் டாக்டரம்மா.

தரகர் பையைப் பார்த்தார். தேன்மொழியைப் பார்த்தார். "அம்மணி எதுக்குப் போகுது?"

"சைக்கிள் பந்தயத்துக்குங்க மாமா" என்றாள் அவள்.

"கழட்டுங்க" என்றார் என்னிடம்.

ஸ்பேனர் டிக்கியில். சைக்கிளை இறக்கி, டிக்கியைத் திறந்து, சக்கரத்தை மாற்றினேன். பத்து நிமிஷம். திரும்ப மாட்டும்போது சைக்கிளைத் திருப்பிப் போட்டேன். பின் சக்கரம் சைலன்சர் பக்கம் வராதபடி ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டினேன். இஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் பின்னால் போய் நின்று கையை வைத்துப் பார்த்தேன். சூடு படவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது. தரகரின் ஒற்றைச் சக்கரச் சைக்கிளைப் பக்கத்து டீக்கடைச் சுவரில் சாய்த்துவைத்தோம்.

காரில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பிக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

"ஆச்சுங்க."

"செரி" என்று பையை மடிக்குள் திருப்பி வைத்துக்கொண்டார்.

பொள்ளாச்சியில் காரை நிறுத்தினோம். அவர் இறங்கி மாப்பிள்ளை வீட்டு வாசலில் பையிலிருந்து சாதகங்களை எடுத்துக் கொடுத்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து ஏறிக்கொண்டார்.

"எம்பட வீலு எங்க போகுதோ அங்க நானும் வாரேனுங்க."

எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆனைமலையில் பேர் பதிந்தோம்.

5. மூன்றாவது

பன்னிரண்டு பிள்ளைகள் ஓட்டினார்கள். தேன்மொழி மூன்றாவது வந்தாள். முதலாவது வந்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருக்கும். மூன்றாவதுதான். டாக்டரம்மா அவள் தலையைத் தடவிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். தரகர் அதற்குள் கூட்டத்தில் ரெண்டு பேரிடம் சாதகம் வாங்கியிருந்தார்.

திரும்பும்போது டீக்கடையில் அவர் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தேன். டீக்கடைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார்.

"என்ற முன் வீலு ஆனைமலைக்குப் போயி மூணாவது பிரைசு வாங்கியாந்துருக்குது" என்றார் தரகர். "பின் வீலு இங்கயே டீக்கடையில உக்காந்துட்டுது."

அதன் பிறகு உக்கடம் பக்கம் வரும்போதெல்லாம் பட்டறைக்கு வருவார். பெல்லை அடித்துக்கொண்டே சொல்வார், புதிதாக யாராவது நின்றால்: "முன் வீலைத் தொட்டுக் கும்பிட்டுக்குங்க. பிரைசு வாங்குனது."

பட்டறையில் பாய் ஒன்றுதான் கேட்டார். "வெல்டிங் விட்டுச்சா?"

"இல்லீங்க பாய்."

"பொறவு என்ன" என்றுவிட்டுப் போனார்.

மறுநாள் சைலன்சர் வாயைக் கீழே பார்க்க வளைத்துவிட்டேன். அதற்கு டாக்டரம்மாவிடம் கூலி வாங்கவில்லை.

இந்த வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பம்பரில் பற்றவைக்காதே. நிறை பார். ஆட்டம் இல்லாமல் முறுக்கு. இஞ்சினை ஓடவிட்டுப் பின்னால் போய் நில். பின்னால் நின்றால்தான் சில விஷயம் தெரியும். அன்றைக்கு வழியில் கத்தியவர்களில் பத்துப் பேர் தெரியாமல் கத்தினார்கள். ரெண்டு பேர் தெரிந்து கத்தினார்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் கத்தினார்கள். அதனால் யார் கத்தினாலும் நான் இப்போது வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கிறேன். ரெண்டு நிமிஷம்தான் ஆகிறது.