முகாம் முற்றத்தில் ராணி வேஷம்

கெப்டன் மேசையில் தள்ளிய கொப்பியைத் திறந்ததுமே கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது. என் அக்காவின் கணவருடையது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, கஹவத்தைப் பக்கத்து இராணுவ முகாமொன்றில் நான் கோப்ரல். தோட்டத்துத் தமிழன், சிங்களமும் சரளம் என்பதால், சுற்றிவளைப்பில் பிடிபட்டவர்களின் பேச்சை மொழிபெயர்ப்பதும் என் வேலை.

மச்சான் றப்பர் பால் வெட்டுபவர். கோயில் திருவிழாவுக்குக் கூத்து எழுதி, ராஜா வேஷமும் கட்டுவார். நான் இராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அன்று காலை தோட்டத்து லய வீடுகளைச் சோதித்தபோது கொப்பி அகப்பட, அவரை விலங்கிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரோ ஒரு வரியின் கீழ் கோடு போட்டிருந்தார்கள். 'விடியுமுன் கோட்டையை வளைப்போம், ஒருவனையும் விடோம்.' மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளதை அப்படியே சிங்களத்தில் சொல்லி, இது கூத்து, இவர் என் மச்சான் என்றேன். கூத்தென்றால் இங்கேயே ஆடிக் காட்டுங்கள் என்றார் கெப்டன்.

இராணுவத்தில் சேருமுன் ஐந்து வருடம் அந்தக் கூத்தில் நான்தான் ராணி. முற்றத்தில், பூட்ஸ் காலோடு, துவாயை முந்தானையாகப் போட்டுக்கொண்டு, போருக்குப் புறப்படும் ராஜாவை மறிக்கும் பாட்டை எடுத்தேன். மச்சான் தலை நிமிரவில்லை. இரண்டாம் அடியில் எனக்குத் தாளம் தப்பியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. விலங்கிட்ட கைகளை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பிடித்தார். அந்தக் குரலுக்குச் சமையற்கட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒரு சிப்பாய் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டான். கோடிட்ட வரி வந்ததும் நான் சைகை காட்ட, கெப்டன் வாய்விட்டுச் சிரித்தார். விலங்கு கழன்றது.

வாசல்வரை கூடவே நடந்தேன்.

"தாளம் ரொம்பக் கெட்டுப்போச்சு மாப்ள," என்றார். "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. அக்கா ஒன்னயத்தான் பாத்துக்கிட்டு இருக்கா."

பன்னிரண்டு வருடச் சேவையில் அன்றுபோல் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததில்லை. ஆனால் அதே காலை பிடிபட்ட இன்னும் இருவரிடம் அடையாள அட்டை இல்லை. ஆடிக் காட்டவும் ஒன்றுமில்லை. அவர்கள் சொன்னதையும் பிழையின்றி மொழிபெயர்த்தேன். மாலையில் லொறி அவர்களைத் தடுப்பு முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது.

எட்டு மாதம் கழித்து இருவரும் திரும்பிவிட்டார்கள். ஒருவர் இப்போது எங்கள் கூத்தில் எதிரிச் சேனாதிபதி. ஓய்வுக்குப் பிறகு நான் மறுபடி ராணி. மேடையில் அவர் வாளை உருவி, வேண்டியதைவிட ஒரு கணம் கூடுதலாக என்னைப் பார்ப்பார். நான் கண்ணைத் தாழ்த்துவதில்லை. அவர் பார்த்து முடியும்வரை நின்று, பிறகு பாட்டை எடுக்கிறேன்.