மூன்று கால்

என் மகளுக்கு அப்போது பதினோரு மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். நாற்காலி, கட்டில், என் வேட்டி, எது கிடைத்தாலும் பிடிப்பாள். இது தெரிந்தும் அந்த வேலையைச் செய்தேன் என்பதுதான் எனக்கு இன்றும் ஜீரணமாகாத விஷயம்.

சிதம்பரத்தில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் தரையில் நிற்கும். என் மார்பு உயரம். ஒவ்வொன்றும் ஒரு சிப்பம் அரிசிக் கனம், இருபத்தைந்து கிலோ. தவில் அடி விழுந்தால் தரையும் சேர்ந்து அதிர்ந்து, சத்தம் கொழகொழவென்று வரும். அடியில் ரப்பர் கால் வைத்தால் அதிர்வு தரைக்கு இறங்காது, சத்தம் தெளியும் என்று எங்கோ படித்துவிட்டு, பாதிப் பந்து போலிருக்கும் கால்கள் எட்டு வாங்கினேன். தூக்கிப் பிடிக்கக் கடலூரிலிருந்து மனைவியின் தம்பி வந்தான். எங்கள் வீட்டுச் சிவப்புத் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். நாலு கால் வைத்ததும் ஸ்பீக்கர் ஆடியது.

"மாமா, ஒண்ண எடுத்துடுங்க. அடுப்புக்கு மூணு கல்லுதான? ஆடுதா பாருங்க."

"மச்சான், உனக்கு மூளை ஜாஸ்திடா," என்றேன்.

பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. ஆடவில்லை. அடுப்புக் கல்லின்மேல் மார்பு உயரத்துக்கு யாரும் பானை வைப்பதில்லை என்பது இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

அவன் ஊருக்குப் போன மறுநாள் காலை, மனைவி சமையலறையில் இருந்தாள். மகள் என் காலடியில் டப்பா உருட்டிக்கொண்டிருந்தாள். நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைச் சத்தமாகப் போட்டேன். தவில்காரரின் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டது. சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டேன்.

இடப்பக்கம் சத்தம் திடீரென்று மங்கியது. கண்ணைத் திறந்தேன். மகள் ஸ்பீக்கரின் முன்துணியை இரண்டு கையாலும் பற்றித் தொங்கினாள். அது அவள்மேல் சாய்ந்துகொண்டிருந்தது.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. முழங்காலில் விழுந்து தோளில் தாங்கிவிட்டேன். மூச்சு விடுவதற்குள், ரப்பர் கால் ஒன்று பிதுங்கி உருண்டதை அவள் பார்த்துவிட்டாள். அதை எடுக்க, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற அடிப்பலகைக்குக் கீழே பக்கவாட்டில் கையை விட்டாள்.

நிமிர்த்தினால் பலகை அவள் விரல்மேல் உட்காரும். விட்டால் மொத்தமும் அவள் தலைமேல். இரண்டு கையாலும் ஸ்பீக்கரை அணைத்துப் பிடித்திருந்தேன், ஒரு கையை எடுத்தாலும் பலகை அசையுமே என்று பயந்தேன்.

"ஏய், ஓடியா! பாப்பா! பாப்பா!"

தவில் தனி ஆவர்த்தனம் உச்சத்தில் இருந்தது. ரிமோட் நாற்காலியில் கிடந்தது. மறுபடி மறுபடி கத்தினேன். யாரும் வரவில்லை. மகள் சிரித்துக்கொண்டே இன்னும் உள்ளே துழாவினாள். என் பிள்ளையின் கையை நானே நசுக்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

தனியை முடிக்கும் தீர்மானம் விழுந்து ஒரு கணம் சத்தம் நின்றது. அந்த இடைவெளியில் அலறினேன். மனைவி ஓடி வந்து பிள்ளையை இடுப்போடு பிடித்து இழுத்தாள். நான் தோளை எடுத்தேன். ஸ்பீக்கர் விழுந்து கூடமே அதிர்ந்தது.

மனைவி பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"மொதல்லயே கூப்புட மாட்டீங்களா?"

"கூப்ட்டேன். தொண்ட கிழியக் கத்துனேன்."

அவள் முகம் வெளுத்தது.

"எனக்குத் தவுலுதாங்க கேட்டுது," என்றாள். "இன்னிக்கு எவ்ளோ தெளிவா இருக்குன்னு நெனச்சிக்கிட்டே காய் நறுக்கிட்டிருந்தேன்."